பொன்னுரங்கம் தின்ற மாத்திரை

கையை அந்த ஜன்னல் கம்பி மேலேர்ந்து எடுங்க தம்பி. கை சுடலையா?

இல்ல, தப்பா நெனச்சுக்காதீங்க. வந்தவாசியில பஸ் ஏறினதுலேர்ந்து பாத்துகினே வரேன். மே மாச வெயிலு, மத்தியானம் ரெண்டு மணி, நீங்க பாட்டுக்கு அந்தக் கம்பி மேல முழங்கைய வெச்சுகினு வரீங்க. என்னடா இதுன்னு நானும் முன்சீட்டுக் கம்பியில, வெயில் விழற எடமாப் பாத்து கையை வெச்சேன். அப்பாடி! பத்து எண்றதுக்குள்ள எடுத்துட்டேன். நீங்க கால் மணி நேரமா அசையலை.

சட்டைக் கையை மடிச்சு விட்டிருக்கீங்களா, அதான் கண்ணுல பட்டுது. முழங்கைக்குக் கொஞ்சம் மேல, வெளுப்பா, வட்டமா. எவ்ளோ நாளா இருக்குது அது? ஒரு வருஷமா? தேமலா? யாரு சொன்னாங்க தேமல்னு, டாக்டரா? ஓகோ, மெடிக்கல் கடைப் பையன் சொன்னானா. களிம்பு குடுத்தானா. போகலையா. அரிப்பு உண்டா? இல்ல. ம்.

சரி சரி, முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. தேமலாவும் இருக்கலாம். நான் ஒண்ணும் டாக்டர் இல்ல. தணிகாசலம் என் பேரு. முப்பத்தோரு வருஷம் அரசாங்கத்துல தொழுநோய் இன்ஸ்பெக்டரா வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். பாத்தீங்களா, சொன்னதும் தள்ளி உக்காரறீங்க! எல்லாரும் அப்படித்தான், எனக்குக் கோவம் இல்ல. ஊர்ப்பக்கம் என்னைத் 'தேமல் சாரு'ன்னுதான் கூப்பிடுவாங்க. அந்த நோய் பேரை வாயால சொன்னாலே ஒட்டிக்கும்னு பயம். சைக்கிள் மணி கேட்டாப் போதும், "தேமல் சாரு வராரு, புள்ளைங்கள உள்ள கூப்புடு"ம்பாங்க.

மடியில என்னங்க, அந்த மஞ்சப்பையில? கல்யாணப் பத்திரிகையா? யாருக்கு, தங்கச்சிக்கா? உங்களுக்கா! ஐயோ. இல்ல, ஐயோன்னு அதுக்குச் சொல்லலை. நல்லா இருங்க. என்னிக்கு? ஆனி பத்தா. சந்தோஷம்.

நீங்க எந்த ஊருன்னு நான் கேக்கல, கவனிச்சீங்களா? கேக்கவும் மாட்டேன். அது ஏன்னு அப்புறம் சொல்றேன். நடுவுல டீக்கு வண்டி நிக்கும், பத்து நிமிஷம். அப்ப உங்க கிட்ட ஒண்ணு கேப்பேன். நீங்க முடியாதுன்னு எழுந்து போயிட்டா போயிடுங்க. அதுக்குள்ள நான் ஒரு பொண்ணைப் பத்திச் சொல்றதைக் கேட்டுக்குங்க. யார் கிட்டயும் சொன்னதில்ல. பொண்டாட்டி கிட்டக்கூட.

எங்க வேலை என்னன்னா, வீடு வீடாப் போய் மனுஷங்க தோலைப் பாக்கறது. அவ்வளவுதான். சட்டையைக் கழட்டு, முதுகைக் காட்டு, வெளிச்சத்துக்குத் திரும்பு. எங்கயாவது வெளுப்பு தெரிஞ்சா, பஞ்சை நுனியில மெல்லிசாத் திரிச்சுக்கினு, கண்ணை மூடச் சொல்லுவோம். தொடற எடத்துல அவங்க விரலை வெக்கணும். தேமலா இருந்தா சரியா வெச்சுருவாங்க. அந்த நோயா இருந்தா வெக்க மாட்டாங்க, ஏன்னா அந்த எடத்துல தொட்டதே தெரியாது. மெஷின் கிடையாது, ரத்தம் எடுக்கறது கிடையாது, ஒரு பஞ்சுத் திரி. அதை வெச்சு எங்க மாவட்டத்துல எத்தனை ஆயிரம் பேரைப் புடிச்சிருக்கோம் தெரியுமா? புடிச்சா பேரை ரிஜிஸ்டர்ல எழுதணும். எழுதின அன்னிக்கே மாத்திரை. மாசம் ஒரு அட்டை, முதல் மாத்திரை எங்க கண்ணு முன்னாடி முழுங்கணும். தின்னா குணம். நிச்சயமா குணம், தம்பி. அதுல எனக்கு இன்னிக்கும் சந்தேகம் கிடையாது.

இது நடந்து இருபது வருஷம் இருக்கும். அப்பல்லாம் மேலேர்ந்து ஒரே பேச்சு. ஒழிச்சுரணும், ஒழிச்சுரணும். பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்குக் கீழ கொண்டு வந்துட்டா ஒழிஞ்ச மாதிரி. புதுசா ஒரு பேரு எழுதிகினு போய் நின்னா, பெரிய அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேல பாப்பாரு. "என்ன தணிகாசலம், இன்னும் புடிச்சுகினே இருக்கீங்க?" அப்படிம்பாரு. எழுதாதன்னு சொல்ல மாட்டாரு. சும்மா பாப்பாரு.

என் ஏரியாவுல அந்த வருஷம் பதினோரு மாசம் புதுசா ஒண்ணுமே இல்ல. பூஜ்ஜியம். நான் வேலை செய்யாம பூஜ்ஜியம் வரல, நாயா பேயா அலைஞ்சு வந்த பூஜ்ஜியம். பன்னண்டாவது மாசம் நெல்லிமேட்டுல சர்வே. கன்னியம்மா வீட்டுக்குப் போறேன்.

கன்னியம்மாவுக்குப் புருஷன் இல்ல, ஒரே பொண்ணு. ஜெயமாலான்னு பேரு, இருபது வயசு. தாயும் பொண்ணும் கோரைப் பாய்க்கு ஓரம் தைக்கிறவங்க. வாசல்ல பாய் கட்டுக்கட்டா அடுக்கி இருக்குது. பொண்ணு நல்ல செவப்பு. அந்த ஊர்ல அவ்வளவு செவப்பா யாரும் இல்ல. அதைச் சொல்லித்தான் திண்டிவனம் பக்கத்துல ஒரு நல்ல எடத்துல பேசி முடிச்சிருந்தாங்க. இன்னும் நாப்பது நாள்ல கல்யாணம்.

புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கினு கையை மட்டும் நீட்டினா. முழங்கைக்கு மேல வெளுப்பு. கோரை அறுத்து விரலெல்லாம் கீறல், அதுல ரெண்டு கீறல் சீழ் புடிச்சிருக்குது, "வலிக்கலையா?"ன்னா, "இல்லியே சார்"ங்கறா. பஞ்சை எடுத்தேன். "கண்ணை மூடும்மா"ன்னேன். கன்னத்துல தொட்டேன், விரலை வெச்சா. உள்ளங்கையில தொட்டேன், வெச்சா. வெளுப்புல தொட்டேன்.

கண்ணை மூடிகினு சிரிச்சுகினே உக்காந்திருந்தா.

மறுபடி தொட்டேன். நாலு தடவை தொட்டேன் தம்பி. "தொடுங்க சார், ஏன் சும்மா இருக்கீங்க?"ன்னு கேட்டா.

அந்தக் குரலு இருக்குதே, அது என்னை விடல. காய்கறிக் கடையில நின்னாலும் கேக்குது. கோயில்ல கண்ணை மூடி நின்னாலும் கேக்குது, அதனாலேயே நான் கண்ணைத் திறந்துகினுதான் சாமி கும்புடறது.

அப்புறம் கூட வந்த நர்ஸம்மா உள்ள கூட்டிகினு போய் முதுகைப் பாத்துட்டு வந்து, ஏழு எடத்துல இருக்குதுன்னு சொன்னாங்க. ஒரு வருஷ மாத்திரை தின்னணும். நான் ரிஜிஸ்டரைத் திறந்தேன். பேனா மூடியைக் கழட்டிட்டேன், சத்தியமாக் கழட்டிட்டேன். பொண்ணு இன்னும் உள்ள இருக்கறப்பவே கன்னியம்மா என் கையைப் புடிச்சுக்கினா. கால்ல விழுவாங்கன்னு எதிர்பாத்தேன், விழல. கையைத்தான் புடிச்சா.

"சார், எழுதாத சார். எழுதினா ஆஸ்பத்திரி ஜீப்பு வரும். ஜீப்பு வந்தா இன்னா ஏதுன்னு ஊரே வாசல்ல நிக்கும். கல்யாணம் நின்னுரும் சார். மாத்திரையக் குடு, பாவம்னு குடு, எம் பொண்ணு தின்னுடுவா. பேரை மட்டும் எழுதாத."

நான் பெண் புள்ள பெத்தவன். அவ கேட்டது நியாயமாத்தான் பட்டுது. நர்ஸம்மாவும் அந்தப் பக்கம் திரும்பிக்கினாங்க. மூடியைப் போட்டுட்டேன்.

நான் அந்தப் பூஜ்ஜியத்துக்காகச் செஞ்சேன்னு நெனச்சுடாதீங்க. பூஜ்ஜியம் வந்த ஏரியாவுக்குக் கேடயம் குடுக்கப் போறாங்கன்னே எனக்கு அப்பத் தெரியாது. தெரியும், ஆனா எனக்குத்தான்னு தெரியாது. பேச்சு அடிபட்டுது, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு வாழ்க்கைக்காகத்தான் செஞ்சேன்.

ஆனா மாத்திரை எங்கேர்ந்து வரும்? பேரு இல்லாம ஒரு அட்டை வெளிய வராது. அப்பத்தான் பொன்னுரங்கம் ஞாபகம் வந்தாரு. பக்கத்து ஊர்க்காரரு, எழுபது வயசு, பழைய நோயாளி, நடுவுல விட்டுட்டு மறுபடி ஆரம்பிச்சவரு, அதனால புதுசுக் கணக்குல சேராது; ரெண்டு அட்டை வாங்கித் தின்னுட்டு மாரடைப்புல போயிட்டாரு. போய்ப் பதினஞ்சு நாள்தான் ஆச்சு, நான் இன்னும் இறப்புன்னு எழுதலை. பத்து மாச அட்டை அவரு பேர்ல பாக்கி இருக்குது, குறையற ரெண்டை அப்புறம் எப்படியாவது சேத்துக்கலாம். அவரு உயிரோட இருக்கற மாதிரியே விட்டுட்டேன். மாசா மாசம் பொன்னுரங்கம் வாங்கிக்கினாருன்னு டிக்கு போடுவேன், அட்டையைக் கன்னியம்மா வீட்டுல குடுப்பேன். செத்தவர் பேர்ல இருக்கறது உயிரோட இருக்கறவளுக்குப் போகுது, இதுல யாருக்கு என்ன நஷ்டம்? அப்படித்தான் தோணுச்சு. கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு, என்ன சாமர்த்தியம்டா தணிகாசலம்னு.

கல்யாணம் நடந்துச்சு. நான் போயிருந்தேன். மணமேடையில அவளைப் பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க, இந்தக் கல்யாணத்துல எனக்கும் பங்கு இருக்குதுன்னு நெனச்சேன்.

புருஷன் வீட்டுல என்ன மாத்திரைன்னு கேட்டா ரத்தம் ஊற மாத்திரைன்னு சொல்லுன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அங்கதான் கோட்டை விட்டேன். அந்த அட்டையில ஒரு மாத்திரை இருக்குது, தோலைக் கறுக்க வைக்கும். மருந்து முடிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா பழைய நிறம் வந்துரும், ஒண்ணும் ஆகாது. எல்லார் கிட்டயும் சொல்ற விஷயம்தான் அது. ஆனா அவ செவப்பைப் பாத்துக் கட்டினவங்க இல்லையா அவங்க? மாத்திரை தின்ன நாலாவது மாசம் மாமியார்க்காரி பேச ஆரம்பிச்சுட்டா. "இன்னாடி இது, கரி பூசினாப்புல ஆயிட்ட? ரத்தம் ஊற மாத்திரை தின்னா யாராவது கறுப்பாங்களா? உங்காத்தா எங்க தலையில இன்னாத்தைக் கட்டி வுட்டா?" அன்னிக்கே பொண்ணு அட்டையை அடுப்புல போட்டுட்டா.

கன்னியம்மா ஓடி வந்தா என் கிட்ட. "சார், நீ ஒரு வார்த்தை அங்க வந்து சொல்லு சார், அந்த ஊரு ஆஸ்பத்திரியில யார் கிட்டயாவது சொல்லி வை சார்"னா. எங்க வேலையில அதுக்கு ஒரு வழி இருக்குது தம்பி. நோயாளி வேற ஊருக்குப் போயிட்டா ஒரு சீட்டு எழுதி அந்த ஊரு ஆளுக்கு அனுப்புவோம். அவரு சைக்கிளை எடுத்துகினு தேடிப் போவாரு. வரலைன்னா மறுபடி போவாரு. விடவே மாட்டாரு. நானே அப்படி எத்தனை பேரைக் கழனிக்குள்ள, செங்கல் சூளைக்குள்ள தேடிப் புடிச்சிருக்கேன். ஆனா சீட்டுல என்ன பேரு எழுதறது? ஜெயமாலான்னு எழுதினா, யாரு இந்த ஜெயமாலா, உன் ரிஜிஸ்டர்ல இல்லையேம்பான். பொன்னுரங்கம்னு எழுத முடியுமா, பொன்னுரங்கம் புருஷன் வீட்டுக்குப் போயிட்டாருன்னு?

சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க. எனக்கே அன்னிக்குச் சிரிப்பு வந்துச்சு.

"நாலு மாசம் தின்னாளே, அதுவே போதும், பாதிக்கு மேல கிருமி செத்திருக்கும்"னு கன்னியம்மா கிட்டச் சொல்லி அனுப்பிட்டேன். அது பொய்னு தெரிஞ்சே சொன்னேன். மீதி ஆறு அட்டையை என்ன செய்யறது? பொன்னுரங்கம் வாங்கிக்கினாருன்னு ஒழுங்கா டிக்கு போட்டேன். வருஷக் கடைசியில அவரு பேருக்கு நேரா எழுதினேன், 'சிகிச்சை முடித்தார், குணமானவர்'னு.

அப்புறம் விழா. பந்தல், மைக்கு, பொன்னாடை, எல்லாம். என் பேரைக் கூப்பிட்டாங்க. கேடயம் இன்னும் வீட்டுல கண்ணாடி அலமாரியில இருக்குது. மருமகப் பொண்ணு உள்ள எடுத்து வைக்கலாமான்னு கேட்டுச்சு, வேணாம்னுட்டேன். வாரா வாரம் நாந்தான் தொடைக்கிறேன்.

ஒம்போது வருஷம் ஆச்சு. எங்க வேலையையும் மாத்திட்டாங்க, கொசு மருந்து அடிக்கறவங்களோட போய்க் குடத்துல புழு இருக்குதான்னு எட்டிப் பாத்துகினு இருந்தேன். ரிட்டையர் ஆக ரெண்டு மாசம் இருக்குது. ஒரு நாள் காலையில ஆபீஸ் வாசல்ல ஒரு பொம்பளை. தலைப்புக்குள்ள கையை மறைச்சுகினு நிக்குது. யாருன்னு எனக்கு அடையாளம் தெரியல. பக்கத்துல கன்னியம்மாவைப் பாத்ததும்தான் தெரிஞ்சுது.

புருவத்துல முடி இல்ல. காது மடல் தடிச்சுப் போயிருக்குது. தலைப்பை விலக்கினா, சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ள மடங்கி அப்படியே நிக்குது. அடுப்புல சுட்ட தழும்பு எண்ண முடியல. புருஷன் வீட்டுல தட்டைத் தனியா வெச்சு, அப்புறம் பாயைத் தனியாப் போட்டு, அப்புறம் பஸ் ஏத்தி விட்டுட்டாங்க.

என்னைத் திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா, அங்க, முன்னாடி மருந்து தின்னியா, எங்க தின்ன, எவ்வளவு தின்ன, பதிவைக் கொண்டாம்மான்னு கேட்டிருக்காங்க. ஊனத்துக்கு அடையாள அட்டை குடுக்கவும் அந்தப் பதிவு இருந்தா சுலபமாம். அதுக்குத்தான் வந்திருக்கா. "சார், பழைய புக்குல என் பேரு இருக்கும்ல?"ன்னா.

அவளுக்குத் தெரியாது தம்பி! எழுதலைன்னு அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு இத்தனை வருஷமும் அவ பேரு எங்க கிட்ட இருக்குது, என்னிக்காவது யாராவது தேடிகினு வருவாங்கன்னு நெனச்சுகினு இருந்திருக்கா. "நீங்க ஆளு அனுப்புவீங்கன்னு பாத்தேன் சார்"னு சாதாரணமாச் சொன்னா.

அலமாரியைத் திறந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். இல்லைன்னு தெரிஞ்சே பக்கத்தைத் திருப்பறேன், கன்னியம்மா சுவத்தைப் பாத்துகினு நிக்குது. மடங்கின விரலை வெச்சு அவளே ஒவ்வொரு பேராத் தேடினா. எட்டாங் கிளாஸ் படிச்சவ, நல்லாப் படிப்பா. நெல்லிமேடு பக்கத்துல அவ பேரு இல்ல. அந்த வருஷம், அந்த மாசங்க எல்லாத்துலயும் டிக்கு விழுந்திருக்கறது ஒரே ஒரு பேருக்கு நேராத்தான், பொன்னுரங்கம். அதுக்குள்ள கன்னியம்மா அழுதுகினே எல்லாத்தையும் சொல்லிருச்சு.

ஜெயமாலா அந்த வரியை 'குணமானவர்'ங்கறது வரைக்கும் படிச்சா. அப்புறம் கேட்டா, "அப்ப அவரு குணமாயிட்டாரா சார்?"

கிண்டலாக் கேக்கலை. நெசமாவே கேட்டா.

அன்னிக்கே நானே கூட்டிகினு போய் எழுத வெச்சேன். என் கையால எழுதல, பேனாவை அங்க இருந்த ஆளு கிட்டக் குடுத்துட்டேன். ஒரு வருஷம் ஒழுங்காத் தின்னதுல கிருமி போயிருச்சு, இப்ப அவ கிட்டேர்ந்து யாருக்கும் வராது. ஆனா மடங்கின விரலு நிமிரல. பாய்க்கு ஓரம் தைக்க ஊசி புடிக்க முடியாம, கட்டை விரல்ல துணியைச் சுத்திகினு தைக்கிறாளாம். பாக்கறதுக்கு நான் போனதில்ல. போகணும், போகணும்னு இருக்கேன். முட்டி வலி வேற.

நடுவுல அந்த ஒம்போது வருஷம் இருக்குதே, அதுதான் என்னை அரிக்குது. மருந்து இல்லாம, நோயோட, அந்த ஊர்ல ஒரே வீட்டுக்குள்ள, தெருவுல, தண்ணிக் குழாயில நின்னவ. அவ மூச்சு யார் யார் மேல பட்டுதோ? அதான் உங்களை எந்த ஊருன்னு கேக்கல. திண்டிவனம் பக்கம்னு நீங்க சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? சொல்லாதீங்க. வேணாம்.

வண்டி நின்னுருச்சு. பத்து நிமிஷம்தான், டீ அப்புறம் குடிக்கலாம். உக்காருங்க தம்பி.

உண்மையைச் சொல்லட்டா? இவ்வளவு பேசிகினு வந்தேனே, உள்ளுக்குள்ள ஒரு மனசு இப்பவும் சொல்லுது. பத்திரிகையெல்லாம் அடிச்சாச்சு, பையன் சிரிச்ச முகமா இருக்கான், தேமல்தான்னு சொல்லிட்டு எறங்கிப் போயிடுடா தணிகாசலம்னு. நல்ல மனசு மாதிரியே பேசுது அது. அன்னிக்கும் இதே குரல்லதான் பேசுச்சு.

எங்க போனாலும் சட்டைப் பையில பஞ்சு வெச்சிருப்பேன், பழக்கம். சட்டைக் கையை மேல ஏத்துங்க. யாரும் பாக்கல, எல்லாரும் எறங்கிட்டாங்க. ஒண்ணு ரெண்டு எடம்னா ஆறு மாச மாத்திரைதான். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கறாங்க. தின்ன ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே யாருக்கும் பரவாது. கல்யாணத்தை நிறுத்த வேண்டியதே இல்ல, ஆனா அந்தப் பொண்ணு கிட்டச் சொல்லிட்டுத் தின்னுங்க. நானும் கூட வரேன், சொல்றதுக்கு. நெசமாத்தான்.

கண்ணை மூடுங்க. தொட்ட எடத்துல விரலை வைங்க.

கன்னம். ம், சரி. இந்தக் கை. சரி.

இப்ப.

இப்ப.

என்ன கேட்டீங்க? இன்னும் ஆரம்பிக்கலையான்னா?

கண்ணைத் திறங்க தம்பி. பயப்படாதீங்க, நான் இருக்கேன். பேரைச் சொல்லுங்க. இனிஷியலோட சொல்லுங்க, ஊரையும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.